நாற்பது வயதுப் 'பையன்'

அயர்லாந்தின் மேற்கே கிளேர் என்றொரு மாவட்டம் உள்ளது. 1930-களில் அதன் சிற்றூர்களில் நாற்பது வயதைக் கடந்த உழவரையும் ஊரார் 'பையன்' என்றே அழைத்தனர். இது கேலியன்று. தந்தையின் நிலம் கைக்கு வந்து மணமும் முடியும்வரை அவர் பையன்தான்! ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்து அங்கே தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர்கள் ஆரன்ஸ்பர்க், கிம்பால் ஆகிய இருவரும் இதைப் பதிவு செய்துள்ளனர்.

இதற்குக் காரணம் என்ன? விடை உருளைக்கிழங்கில் தொடங்குகிறது. ஒரு காலத்தில் ஏழை உழவர்கள் தம் நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தனர். துண்டு நிலத்தில் விளைந்த கிழங்கே ஒரு குடும்பத்தின் பசியைத் தீர்த்தது. ஆகவே இளமையிலேயே மணம் முடிந்தது. 1845-இல் அப்பயிரைக் கருகல் நோய் தாக்கியது. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். ஏறக்குறைய அத்தனை பேர் நாட்டைவிட்டு வெளியேறினர். அதன்பின் நிலத்தைத் துண்டாக்க உழவர்கள் அஞ்சினர். நிலம் முழுவதும் ஒரே மகனுக்கு என்னும் வழக்கம் வேரூன்றியது.

ஆகவே திருமணம் நிலம் கைமாறும் நிகழ்ச்சியும் ஆயிற்று. தரகர் பேச்சைத் தொடங்குவார். பெண்ணின் தந்தை மணமகனின் நிலத்தைச் சுற்றிப் பார்ப்பார்; மாடுகளை எண்ணுவார். சீதனம் பேசி முடிந்ததும் வழக்கறிஞர் பத்திரம் எழுதுவார். மணம் முடிந்தால் முதிய பெற்றோர் வீட்டின் மேற்கு அறைக்குக் குடிபெயர்வர்.

சீதனம் மணமகளுக்கும் இல்லை, மணமகனுக்கும் இல்லை; மணமகனின் தந்தையிடம் போய்ச் சேர்ந்தது. அவர் அதைத் தம் மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பார். அல்லது மற்றொரு பிள்ளையை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றுவார். இவ்வாறு ஒரே பணம் வீடு வீடாகச் சுற்றியது.

இந்த ஏற்பாடு நிலத்தைக் காத்தது. ஆனால் நிலமும் சீதனமும் கிட்டாத பிள்ளைகள்? பலர் கடல் கடந்தனர்; பலர் மணமின்றியே முதுமை எய்தினர். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் 45 முதல் 54 வயது வரையுள்ள அயர்லாந்துப் பெண்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் மணமாகாதவர்.

அக்காலத்தில் தவக்காலத்தின்போது கத்தோலிக்கத் திருச்சபையினர் வழக்கமாகத் திருமணம் நடத்தவில்லை. ஆகையால் அதற்கு முந்திய வாரங்களிலேயே மணங்கள் குவிந்தன. தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, இன்னும் மணமாகாதோரின் முதுகில் சிறுவர்கள் சுண்ணக்கட்டியால் கோடிட்டுச் சிரிப்பார்கள். நிலம் ஒருவனுக்கே என்ற ஊரில், அந்தச் சிறுவர்களிலும் சிலருடைய முதுகு பின்னாளில் அதே கோட்டுக்குக் காத்திருந்தது.