விசைப்பலகையின் உள்ளே



சிகாமட் வட்டாரத் தோட்டங்களில் பொழுது சாயும் நேரத்தில், முன்னாளில் கேட்காத ஓர் ஒலி இப்போது பல வீடுகளில் கேட்கிறது. 'டக், டக்' என்னும் ஒலி அது. பள்ளிப் பாடத்தையோ வேலைக்கான விண்ணப்பத்தையோ பிள்ளை கணினியில் தட்டிக்கொண்டிருக்கிறது. தாயும் தந்தையும் சற்று எட்டி நின்று பார்க்கிறார்கள். 'நாம் தொட்டால் கெட்டுப்போகுமோ' என்ற அச்சம் ஒருபுறம். 'மெக்கானிக்கல் விசைப்பலகைதான் வேண்டும் என்று பிள்ளை கேட்கிறதே, அவ்வளவு வெள்ளி கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா' என்ற ஐயம் மறுபுறம். இவ்விரண்டுக்கும் விடை விசைப்பலகையின் உள்ளேயே இருக்கிறது. இன்று நாம் அதைத் திறந்து பார்ப்போம்.

முதலில் பழைய தட்டச்சுப் பொறியை நினைவுகூர்வோம். அதில் விசையை அழுத்தினால் ஒரு கம்பி எழும்பும். அதன் நுனியில் இருக்கும் உலோக எழுத்து, மை நாடாவின் மேல் அடித்துத் தாளில் பதியும். அதாவது, ஒவ்வொரு விசைக்கும் அதற்கென்று செதுக்கிய எழுத்து உண்டு. ஆங்கிலத்திற்கு 26 எழுத்துகள், தமிழுக்கோ 247. நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட விசைகளில் இத்தனையையும் எப்படி அடக்குவது? இந்தச் சிக்கலைத் தீர்க்கப் பாடுபட்டவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1907இல் மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரில் எழுத்தர் வேலை பார்த்தவர். எழுத்துகளை உறுப்பு உறுப்பாகப் பிரித்தார். புள்ளி, இகரக் கொம்பு போன்றவற்றை அடிக்கும்போது தாள் நகராமல் நிற்கும்படி விசைகளை அமைத்தார். தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை என்று அவரை நாம் போற்றுகிறோம்.

கணினியின் விசைப்பலகையில் அந்த உலோக எழுத்து இல்லை. அங்கே ஒவ்வொரு விசைக்கும் அடியில் இருப்பது ஒரு சுவிட்ச் மட்டுமே. வீட்டில் விளக்குப் போடும் சுவிட்சுக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. அழுத்தினால் இரண்டு முனைகள் தொடும், மின்சாரம் ஓடும். விட்டால் பிரியும், மின்சாரம் நிற்கும். கணினியிலிருந்து கம்பி வழியே விசைப்பலகைக்கு வருவது 5 வோல்ட் மின்சாரமே. ஆகவே நம் கை பட்டுக் கெட்டுப்போகும் என்றோ, அதைத் தொட்டால் நமக்கு ஆபத்து என்றோ அஞ்ச வேண்டியதில்லை.

சரி, எந்த விசை அழுத்தப்பட்டது என்று கணினிக்கு எப்படித் தெரிகிறது? சாதாரண விசைப்பலகையில் 104 விசைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி போட்டால் கம்பிகளே பெருங்கூட்டமாகிவிடும். அதனால் பால் மரக் காட்டைப் போல விசைகளை நிரை பிடித்திருக்கிறார்கள். குறுக்கே 6 நிரை, நெடுக்கே 18 நிரை என்று வைத்துக்கொள்வோம். அவை சந்திக்கும் இடங்கள் 108. வெறும் 24 கம்பிகளில் வேலை முடிந்துவிடுகிறது. மூன்றாம் நிரையில் ஐந்தாம் மரம் என்றால் நமக்கு அடையாளம் தெரிந்துவிடும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். விசைப்பலகைக்குள் ஒரு சிறு சில்லு உண்டு. அது மண்டோரைப் போல ஒவ்வொரு நிரையாகப் பெரட்டு எடுக்கிறது. காலையில் ஒரு முறை எடுக்கும் பெரட்டு அன்று. ஒரு விநாடிக்குள் பல நூறு முறை. எந்த இடத்தில் விசை தாழ்ந்திருக்கிறதோ, அந்த இடத்தின் எண்ணைக் கணினிக்கு அனுப்பிவிடுகிறது.

இனி சுவிட்சின் வகைகளைக் காண்போம். விலை குறைந்த விசைப்பலகைகளில் விசைகளுக்கு அடியில் கவிழ்த்த மங்கு போன்ற சிறு ரப்பர்க் குமிழ்கள் இருக்கும். இந்த ரப்பர் பெரும்பாலும் நம் மரத்துப் பாலிலிருந்து வந்ததன்று. சிலிக்கோன் என்னும் செயற்கைப் பொருள். குமிழ்களுக்குக் கீழே மூன்று மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரம் ஓடும் கோடுகள். நடுத் தாளில் துளைகள். நாம் அழுத்தும்போது குமிழ் மடங்கி, துளை வழியாக மேல் தாளும் கீழ்த் தாளும் தொடுகின்றன. இதற்குச் சவ்வு விசைப்பலகை என்று பெயர். செய்வதற்கு எளிது, அதனால் விலையும் குறைவு. ஆனால் காலம் செல்லச் செல்லக் குமிழ் தளரும். பெரும்பாலும் அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும்.

மெக்கானிக்கல் விசைப்பலகை என்பது வேறு. அதில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியே ஒரு முழுச் சுவிட்ச் உண்டு. ஒரு சிறு பிளாஸ்டிக் கூடு. அதற்குள் மேலும் கீழும் ஓடும் ஒரு தண்டு. தண்டுக்கு அடியில் சுருள்வில். பக்கத்தில் இரண்டு உலோகத் தகடுகள். விசை மேலே இருக்கும்போது தண்டின் கால் தகடுகளைப் பிரித்து வைத்திருக்கும். தண்டு இறங்கியதும் கால் விலகும்; தகடுகள் தொட்டுக்கொள்ளும். விரலை எடுத்தால் வில் தண்டை மேலே தள்ளிவிடும். இவ்வகையில் பெயர் பெற்றது 1980களில் ஜெர்மனியில் செர்ரி நிறுவனம் கொண்டுவந்த எம்எக்ஸ் சுவிட்ச். துருவும் களிம்பும் பிடிக்காதிருக்க, தகடுகள் தொடும் இடத்தில் பொன் வைத்திருப்பார்கள். பின்னாளில் அதே அமைப்பில் சீன நிறுவனங்களும் சுவிட்சுகள் செய்யத் தொடங்கின. அதனால் விலை இறங்கியது.

இந்தச் சுவிட்சுகளைத் தண்டின் நிறத்தால் அடையாளம் சொல்வார்கள். சிவப்பு, தடையின்றி வழுவழுப்பாக இறங்கும், ஓசை குறைவு. பழுப்பு, பாதி வழியில் ஒரு சிறு மேட்டைத் தாண்டுவதுபோல் விரலுக்கு உணர்த்தும். நீலம், அந்த உணர்வோடு 'டக்' என்ற ஒலியும் எழுப்பும். எம்எக்ஸ் சிவப்பை அழுத்த ஏறக்குறைய 45 கிராம் எடை போதும். இப்போது புழங்கும் 50 காசு நாணயங்கள் எட்டை அடுக்கி வைத்த பாரம் அது. நீலத்திற்குப் பத்துப் பதினொரு நாணயங்களின் பாரம் வேண்டும். மற்ற நிறுவனங்களின் சுவிட்சுகளில் இந்த அளவு சற்றுக் கூடும், குறையும். லயத்து வீட்டில் பாதிப் பேர் உறங்கும் வேளையில் பிள்ளை படிப்பதென்றால் நீலம் ஆகாது. விடியற்காலையில் வேலைக்கு எழ வேண்டியவர்களின் தூக்கம் கெடும்.

இங்கே பால் மரம் வெட்டியவர்களுக்கு எளிதில் விளங்கும் ஒரு செய்தி உண்டு. பட்டையை வெட்டும்போது கத்தி மரத்தைத் தொடக்கூடாது, தொட்டால் காயம். மயிரிழை முன்னே நிறுத்தும் அளவு கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தச் சுவிட்சும் அப்படியே. தண்டு இறங்கக்கூடிய தூரம் 4 மில்லிமீட்டர். ஆனால் 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து விழுந்துவிடும். அடிவரை குத்த வேண்டியதில்லை. இதை அறியாமல் ஓங்கிக் குத்துகிறவர்களுக்கு விரல் வலிக்கும். மெல்லத் தட்டிப் பழகியவர்கள் நெடுநேரம் களைப்பின்றி வேலை செய்வார்கள்.

ஆயுளையும் பார்ப்போம். நல்ல மெக்கானிக்கல் சுவிட்ச் ஐந்து கோடி முறை அழுத்தத் தாங்கும் என்று செய்பவர்கள் குறிப்பிடுகிறார்கள். ஒரே விசையை நாளொன்றுக்கு 5,000 முறை அழுத்தினாலும் 10,000 நாட்கள், அதாவது 27 ஆண்டுகள் ஆகும். மேலும், ஒரு சுவிட்ச் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். சில பலகைகளில் சுவிட்சைப் பிடுங்கிப் புதியதைச் செருகிவிடலாம். மற்றவற்றில் ஈயப் பற்றை உருக்கி எடுக்க வேண்டும். ஒரு முறை தட்டினால் எழுத்து இரண்டாக விழுகிறதா? முழுப் பலகையையும் தூக்கி எறிய வேண்டாம். பெரும்பாலும் அந்த ஒரு சுவிட்சின் தகடுதான் அழுக்கேறியோ தளர்ந்தோ போயிருக்கும்.

சிகாமட் மக்களுக்கு வெள்ளம் புதிதன்று. 2006 டிசம்பரிலும், 2011 தொடக்கத்திலும், 2023 மார்ச்சிலும் பார்த்திருக்கிறோம். விசைப்பலகை நனைந்துவிட்டால், முதலில் செய்ய வேண்டியது கம்பியைக் கழற்றுவது. கம்பியில்லாதது என்றால் பேட்டரியை எடுத்துவிட வேண்டும். பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டிருந்தால் மின்னேற்றம் செய்யாமல் கடைக்காரரிடம் காட்ட வேண்டும். கம்பியுள்ள மெக்கானிக்கல் பலகையில் சேற்று நீர் புகுந்திருந்தால், மூடிகளைக் கழற்றிச் சுத்தமான நீரில் அலசி, கவிழ்த்து வைத்து, நிழலில் காற்றோட்டமாகச் சில நாட்கள் உலர்த்தலாம். கடும் வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் வளையும். ஈரம் முற்றும் போகுமுன் கணினியில் செருகிப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. நனைந்தது கெடுப்பதைவிட அந்த அவசரமே மிகுதியாகக் கெடுக்கிறது. சவ்வுப் பலகையில் தாள்களுக்கு இடையே நீர் தங்கிவிடுவதால் பிழைப்பது அரிது.

இனி, எதை வாங்குவது? பிள்ளை வாரத்தில் சில மணி நேரம் பாடம் தட்டுவதற்குச் சவ்வுப் பலகையே போதும். அதில் தாழ்வொன்றும் இல்லை. நாள் முழுதும் தட்டச்சு வேலை செய்யப் போகும் பிள்ளைக்கு, பழுது பார்க்கக்கூடிய மெக்கானிக்கல் பலகை நெடுநாள் உழைத்து விலைக்கு ஈடு கொடுக்கும். பல வண்ணத்தில் மின்னும் விளக்குகளால் எழுத்து விரைவாக விழப்போவதில்லை. அதற்கென்று வெள்ளி கொடுக்க வேண்டாம்.

தமிழ் எழுத்து அச்சிட்ட பலகையைத் தேடி அலையவும் வேண்டாம். சில்லு அனுப்புவது இடத்தின் எண் மட்டும் என்று பார்த்தோம். அந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதைக் கணினிதான் முடிவு செய்கிறது. மூடியின் மேல் இருப்பது வெறும் சாயம். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 என்னும் விசை அமைப்பு உருவானது. அதில் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் ஆக 31 விசைகளில் 247 எழுத்துகளும் அடங்கிவிடுகின்றன. முத்தையாவின் காலத்தில் இரும்பில் செய்ய வேண்டியிருந்த வேலையை இன்று கணினி தானே செய்கிறது. புள்ளியைக்கூடப் பல இடங்களில் அதுவே வைத்துவிடும்.

நேயர்களே, இன்றிரவு பிள்ளையிடம் தமிழ்99ஐத் திறந்து தரச் சொல்லுங்கள். எட்டி நிற்காமல் அருகில் உட்காருங்கள். ஆங்கிலத்தில் ஏ என்று எழுதிய விசையை ஒரு முறை, கே விசையை இரு முறை, கியூ விசையை ஒரு முறை மெல்லத் தட்டுங்கள். நான்கே தட்டில் திரையில் 'அம்மா' என்று விழும். கத்தியின் ஆழம் அறிந்த கைக்கு 2 மில்லிமீட்டர் ஒரு தூரமே அன்று.