வீட்டு முற்றத்தில் ஒரு கொங்கிரீட் நீரூற்று

கொங்கிரீட் நீரூற்று என்பது ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்ப மேலேற்றி வழியவிடும் ஒரு சிறு சுற்றோட்ட அமைப்பு. அடியில் அகன்ற தொட்டி, நடுவில் உள்ளே துளையுள்ள தண்டு, அதன்மேல் ஒன்றோ இரண்டோ தட்டுகள், உச்சியில் கலசம் அல்லது மொட்டு. பெரும்பாலான வீட்டு நீரூற்றுகளின் உறுப்புகள் இவ்வளவுதான். தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் சிறிய நீர்ப்பம்பி தண்ணீரைத் தண்டின் வழியே உச்சிக்குத் தள்ளுகிறது. அது தட்டுத் தட்டாக வழிந்து தொட்டிக்கே திரும்புகிறது. நிலையான குழாய் இணைப்புத் தேவைப்படாததால், கொட்டாஞ்சேனையின் பழைய வீட்டு நடுமுற்றத்திலும் வெள்ளவத்தையின் ஒடுங்கிய முன்வாசலிலும் இதை அமைக்க முடியும்.

கொழும்புக்கு நீரூற்று புதிதல்ல. கொட்டாஞ்சேனையை அடுத்த புறக்கோட்டையில், பிரதான வீதியின் முகப்பில் நிற்கும் கான் மணிக்கூட்டுக் கோபுரம், கோபுரமும் நீரூற்றும் சேர்ந்த நினைவுச் சின்னமாகவே கட்டப்பட்டது. பிரம்ஜி பிக்காஜி கான் என்ற பார்சியின் நினைவாக அவருடைய புதல்வர்கள் அதை எழுப்பி, 1923 ஜனவரி 4ஆம் திகதி மாநகர சபை ஊடாகக் கொழும்பு மக்களுக்கு அர்ப்பணித்தார்கள். பொது இடத்து நீரூற்றைப் பராமரிக்க ஆட்கள் இருப்பார்கள். வீட்டு நீரூற்றில் அந்தப் பொறுப்பு முழுவதும் வீட்டாருடையது. அடித்தளம், மட்டம், மின்னிணைப்பு ஆகிய மூன்றும் தொடக்கத்திலேயே சரியாக அமைந்துவிட்டால் அந்தப் பொறுப்பு மிகவும் இலகுவாகிவிடும்.

இடமும் பாரமும்

இடத்தைத் தெரிவு செய்யும்போது முதலில் கணக்கிட வேண்டியது பாரம். கொங்கிரீட்டின் எடை கன மீற்றருக்கு ஏறத்தாழ 2,400 கிலோகிராம். 80 சென்ரிமீற்றர் விட்டமும் 5 சென்ரிமீற்றர் தடிப்பும் கொண்ட ஒரு தட்டு மட்டுமே 60 கிலோகிராம் வரும். 120 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தொட்டியில் 25 சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர் நிறைந்தால் அது 280 லீற்றர், அதாவது 280 கிலோகிராம். தொட்டி, தண்டு, தட்டு, தண்ணீர் எல்லாம் சேரும்போது மொத்தம் அரைத் தொன்னைத் தாண்டிவிடும்.

நிலத்தில் இது சிக்கலில்லை. தொடர்மாடியில் நிலைமை வேறு. குடியிருப்பு அறையின் தளம் பொதுவாகச் சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிலோகிராம் வரையான பாரத்தைக் கருதியே வடிவமைக்கப்படுகிறது. மேலே சொன்ன நீரூற்றோ, சதுர மீற்றருக்குச் சற்றே கூடிய இடத்தில் அரைத் தொன்னுக்கு மேல் ஏற்றுகிறது. எனவே பல்கனியிலோ மொட்டைமாடியிலோ கொங்கிரீட் நீரூற்றை வைக்க விரும்புவோர் கட்டடப் பொறியியலாளர் ஒருவரிடம் கேட்காமல் வைக்கக்கூடாது. அவர் வேண்டாம் என்றால் கண்ணாடியிழையில் செய்த பாரம் குறைந்த நீரூற்றே ஏற்றது.

அடுத்தது காற்று. வெள்ளவத்தையில் கடற்காற்று நேராக வீசும் முற்றத்தில் மெல்லிய நீர்த்தாரை தொட்டிக்குள் விழாமல் சுவரையும் தரையையும் நனைக்கும். உச்சித் தாரை எவ்வளவு உயரம் எழுகிறதோ, அதைப்போல் இரு மடங்காவது தொட்டியின் விட்டம் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். காற்றுள்ள இடத்துக்கு மேலெழும் தாரையைவிட விளிம்பிலிருந்து வழியும் வகையே பொருந்தும். மரத்தின் நேர்கீழும் ஏற்ற இடமல்ல. உதிரும் இலைகள் பம்பியின் வாயை அடைத்துவிடும்.

அத்திவாரம்

மண்மேல் நேரடியாக வைத்த நீரூற்று ஒரு மழைக்காலத்துக்குள் சாய்ந்துவிடும். கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. நனைந்த மண் ஒரே சீராக அமிழ்வதில்லை. ஆகவே தொட்டியைவிடச் சுற்றிலும் 15 சென்ரிமீற்றர் அகலமாக மண்ணைத் தோண்டி, அடிமண்ணை இடித்து இறுக்கி, 10 முதல் 15 சென்ரிமீற்றர் தடிப்பில் கொங்கிரீட் தளம் போடப்படுகிறது. சீமெந்து 1, மணல் 2, சல்லி 4 என்ற கலவை போதும். மின்வயர் செல்லும் பிவிசி குழாயைத் தளம் போடும்போதே உள்ளே பதித்துவிட வேண்டும். பிறகு உடைத்துப் பதித்தால் தளத்தில் வெடிப்பு விழும்.

கொங்கிரீட் உலர்வதால் இறுகுவதில்லை. சீமெந்து தண்ணீருடன் சேர்ந்து வேதிமாற்றம் அடைவதாலேயே இறுகுகிறது. அதனால் புதுத் தளத்தை ஈரச்சாக்கால் மூடி, குறைந்தது ஏழு நாட்களாவது நனைத்துவர வேண்டும். அதன் கணக்கிடப்பட்ட வலிமை 28ஆவது நாளில் கிடைக்கும் எனக் கொள்வது வழக்கம்.

பொருத்தும் ஒழுங்கு

உறுப்புகளைச் சாந்து பூசாமல் ஒரு தடவை அடுக்கிப் பார்ப்பது முதல் வேலை. எந்த உறுப்பு எந்தத் திசையில் நன்றாகப் பொருந்துகிறது என்று பார்த்து, இணைப்புகளின் குறுக்கே சுண்ணக்கட்டியால் கோடிட்டுக்கொண்டால் பிறகு தடுமாற வேண்டியதில்லை. தட்டை விளிம்பில் பிடித்துத் தூக்கினால் விளிம்பு உடையும். அடியில் பட்டியோ கயிறோ கொடுத்து இருவர் அல்லது மூவர் சேர்ந்து தூக்குவதும், இறக்கும் இடத்தில் பழைய டயரைப் போட்டு வைப்பதும் மேசன் பாஸ்மார் கையாளும் முறை.

தொட்டியைத் தளத்தில் வைத்ததும் ரசமட்டத்தை அதன் விளிம்பில் வைத்து, இரண்டு குறுக்குத் திசைகளிலும் பார்க்க வேண்டும். தாழ்ந்த பக்கத்தில் பிளாஸ்திக் ஆப்புகளைச் செருகி உயர்த்தி, மட்டம் வந்த பின் இடைவெளியைச் சீமெந்துச் சாந்தால் நிரப்ப வேண்டும். மர ஆப்பு ஈரத்தில் உக்கிவிடும். இதே சோதனை தண்டுக்கும் ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியே தேவை.

மட்டத்தில் இவ்வளவு கவனம் வேண்டியதற்குக் காரணம் உண்டு. தட்டின் விளிம்பைக் கடந்து வழியும் நீரின் தடிப்பு சில மில்லிமீற்றர் மட்டுமே. 80 சென்ரிமீற்றர் தட்டு அரைப் பாகை சாய்ந்தாலே ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட 7 மில்லிமீற்றர் தாழ்ந்துவிடும். அப்போது தண்ணீர் முழுவதும் தாழ்ந்த பக்கமாகவே கொட்டும், எதிர்ப்பக்க விளிம்பு காய்ந்து கிடக்கும். பெரிய பம்பி வாங்குவது இதற்குப் பரிகாரமாகாது. தட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய ஆப்பைச் செருகினாலே சரியாகிவிடும். விளிம்பில் நான்கு அல்லது எட்டு நாக்குகள் வெட்டிய தட்டுகள் இந்தச் சிக்கலை ஓரளவு குறைக்கின்றன. குறைந்த தண்ணீரிலேயே தெளிவான தாரைகள் விழுவதும் அவற்றின் நன்மை.

தண்டின் அடியில் பம்பியை வைப்பதற்கான குழியும் அதைத் திறந்து மூடும் பலகையும் இருக்கும். பம்பியின் வாயில் இறுக்கிய நெகிழ்குழாய் தண்டின் துளை வழியே உச்சிவரை போகிறது. குழாய் எங்கும் மடங்கக்கூடாது. கிளிப்புகள் துருப்பிடிக்காத உருக்கால் ஆனவையாக இருக்க வேண்டும். கடலோரத்துக்கு 304 தரத்தைவிட 316 தரம் அதிகம் தாக்குப்பிடிக்கும். வயர் தொட்டியை விட்டு வெளியேறும் துளையை இறப்பர் அடைப்பானால் மூடி, சுற்றிலும் சிலிக்கன் பூசி, அது இறுக ஒரு நாள் விட்ட பிறகே தண்ணீர் நிரப்ப வேண்டும்.

உயரமும் ஓட்டமும்

பம்பியின் பெட்டியில் இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும்: மணிக்கு எத்தனை லீற்றர், உச்ச உயரம் எத்தனை மீற்றர். இவ்விரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணுவதுதான் வாங்குவோர் வழக்கமாகச் செய்யும் பிழை. மணிக்கு 1,500 லீற்றர், உச்ச உயரம் 2 மீற்றர் என்று எழுதியிருந்தால், அந்த 1,500 லீற்றர் கிடைப்பது உயர்த்தவே தேவையில்லாதபோது மட்டும். சரியாக 2 மீற்றர் உயரத்தில் ஓட்டம் பூச்சியமாகிவிடும். எனவே தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து உச்சிவாய் வரையான உயரத்தை அளந்து, அதைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு உச்ச உயரம் கொண்ட பம்பியை வாங்குவதே பாதுகாப்பு. ஓட்டம் கூடினால் பம்பியிலுள்ள திருகினால் குறைத்துக்கொள்ளலாம்.

நீர் மேலெழுவதற்கு வேண்டியது அழுத்தம், அதை உயர வேறுபாட்டினாலும் பெறலாம். 5ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் சிகிரியாவில் அமைத்த நீர்ப்பூங்காவில் மின்சாரமும் இல்லை, பம்பியும் இல்லை. உயரத்திலிருந்த நீர் நிலத்தடிக் கால்வாய்கள் வழியே இறங்கி, துளையிட்ட சுண்ணக்கல் தட்டுகளின் ஊடாகப் பீறிட்டது. மழைக்காலத்தில் அவை இன்றும் இயங்குகின்றன. வீட்டு நீரூற்றில் அந்த உயர வேறுபாட்டின் வேலையைப் பம்பி செய்கிறது.

சிறு நீர்ப்பம்பியின் கம்பிச்சுருள் பிசினுக்குள் அடைத்து மூடப்பட்டிருக்கும். அதன் காந்தப்புலம் உள்ளே நீரில் சுழலும் காந்தத்தையும் அதனுடன் இணைந்த சிறு இதழ்ச்சக்கரத்தையும் சுழற்றுகிறது. சுழலும் பாகத்துக்கு மசகும் குளிர்ச்சியும் சுற்றியுள்ள தண்ணீரே. தொட்டி வற்றிய நிலையில் ஓடினால் பம்பி சூடேறிக் கெட்டுப்போவது இதனால்தான். 20 வொட் பம்பி நாளுக்கு 8 மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு ஏறத்தாழ 5 அலகு மின்சாரம் செலவாகும்.

மின்சாரம்

இலங்கை வீடுகளின் மின்சாரம் 230 வோல்ட். தண்ணீரும் அந்த மின்னழுத்தமும் சேருமிடத்தில் சிறு கவனக்குறைவும் உயிராபத்து. நீரூற்றுக்கான இணைப்பு, 30 மில்லி அம்பியர் கசிவிலேயே மின்னைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச்சின் வழியாக வர வேண்டும். பிளக் சோக்கெட் மழை படாத மூடியுடன் தொட்டியின் விளிம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். வயர் சோக்கெட்டுக்குள் போகுமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறினால், வயரில் வழியும் நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கை வைக்கும் முன் பிளக்கைக் கழற்ற வேண்டும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடிமின்னல் நேரத்திலும் அவ்வாறே. நிலையான வயரிங் வேலையைத் தகுதி பெற்ற மின்னியலாளரே செய்ய வேண்டும்.

பூச்சும் முதல் ஓட்டமும்

கொங்கிரீட் நுண்துளைகள் கொண்டது. தொட்டியின் உட்புறத்துக்குச் சீமெந்து சார்ந்த நீர்க்காப்புப் பூச்சு இரண்டு தடவை தேவை. கம்பி வைத்து வார்த்த உறுப்புகளுக்கு வெளிப்பூச்சும் முக்கியம். கடற்காற்றின் உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்தால், துரு பருத்துக் கொங்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும்.

புதுக் கொங்கிரீட்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து வந்து தண்ணீரைக் காரமாக்கும். அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டுடன் சேர்ந்து வெளிப்புறத்தில் வெள்ளைப் படிவாகவும் தங்கும். தொட்டியை நிரப்பிச் சில நாள் வைத்துக் கொட்டி, மீண்டும் நிரப்பிக் கொட்டினால் இது குறையும். அதற்கு முன் மீன் விட்டால் அவை இறந்துவிடும். வெள்ளைப் படிவை நாரால் தேய்த்து நீக்குவதே நல்லது. அமிலம் ஊற்றினால் கொங்கிரீட்டும் சேர்ந்து அரிபடும்.

நுளம்பும் பராமரிப்பும்

2017இல் இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டனர். நுளம்பு பெருக இடம் கொடுப்பது, 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். வீட்டுத் தொட்டியில் குடம்பி இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டாரையே பொறுப்பாக்குவார்.

ஓடும் நீரூற்று நுளம்புக்கு உகந்த இடமல்ல. குடம்பி நீர்ப்பரப்புக்கு வந்து மூச்சுக்குழாயை நீட்டிச் சுவாசிக்கிறது, அதற்குக் கலங்காத பரப்பு வேண்டும். நிறுத்தி வைத்த நீரூற்றோ நுளம்புக்கு வாய்ப்பான இடம். முட்டை முதிர்ந்த நுளம்பாக ஒரு கிழமை முதல் பத்து நாள் வரை போதும். ஆகவே பம்பியை நாள்தோறும் ஓடவிட வேண்டும். நீர் அசையாத மூலைகளுக்காகச் சில கப்பி மீன்களை விடலாம். மின்தடை நீடித்தாலோ வீட்டார் ஊருக்குப் போனாலோ தொட்டியை வடித்துவிட வேண்டும். வடிப்பது மட்டும் போதாது. டெங்கு நுளம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கும். அவை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். எனவே கிழமைக்கு ஒருமுறை உட்சுவரைத் தூரிகையால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். தட்டுகளின் உட்புறத்துக்கும் இது பொருந்தும்.

நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியானால் 120 சென்ரிமீற்றர் தொட்டி 5 லீற்றருக்கு மேல் இழக்கும். அதை ஈடுசெய்யக் குழாய்நீரே நல்லது. உவர்க் கிணற்று நீர் பம்பியையும் கொங்கிரீட்டையும் கெடுக்கும். மாதத்துக்கு ஒருமுறை பம்பியைக் கழற்றி வடிப்பஞ்சையும் இதழ்ச்சக்கரத்தையும் கழுவுவதும், தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் ரசமட்டத்தை மீண்டும் விளிம்பில் வைத்துப் பார்ப்பதும் பராமரிப்பின் எஞ்சிய பகுதி.