பிக்கப் வண்டியின் எஞ்சின் நீண்ட காலம் உழைக்க

2005-ஆம் ஆண்டில் டாட்டா ஏஸ் வண்டி விற்பனைக்கு வந்த பிறகு, சிறு சரக்கு வண்டி என்பது தமிழ்நாட்டுக் கிராமங்களில் சர்வ சாதாரணமாகிவிட்டது. மக்கள் அதற்குக் குட்டியானை என்று பெயரே வைத்துவிட்டனர். விடியற்காலையில் காய்கறியை உழவர் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதற்கும், நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் இறக்குவதற்கும், உரமும் தீவனமும் ஏற்றி வருவதற்கும் இன்று பல சிறு விவசாயிகள் சொந்தமாகக் குட்டியானையோ, அதைவிடச் சற்றுப் பெரிய பிக்கப் வண்டியோ வைத்திருக்கின்றனர். பெரும்பாலும் இவை கடனில் வாங்கியவை. கடன் தீருவதற்கு முன்பே எஞ்சினைப் பிரிக்க நேர்ந்தால், மாதத் தவணை ஒரு புறம், பழுது பார்க்கும் செலவு மறுபுறம், தக்காளி பழுத்து நிற்கும் வாரத்தில் வாடகை வண்டிக்குக் கொடுக்கும் பணம் இன்னொரு புறம் என்று மூன்று செலவுகளும் ஒரே சமயத்தில் வந்து சேரும்.

நெடுஞ்சாலையில் ஓடும் ஒரு வண்டி இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் எஞ்சின் திறக்கப்படாமல் இருப்பதையும், அதே வகை வண்டி கிராமத்தில் அதில் பாதித் தூரத்துக்குள் புகை கக்குவதையும் நாம் காண்கிறோம். வண்டியைக் குறை கூறுவதற்கு முன்னால் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

கிலோமீட்டர் கணக்கு போதாது

டிராக்டருக்கு எஞ்சின் ஆயில் மாற்றுவதை நீங்கள் கிலோமீட்டரில் கணக்கிடுவதில்லை. மணிக் கணக்கில்தான் மாற்றுகிறீர்கள். பல டிராக்டர்களுக்கு இது 250 மணி நேரம். பிக்கப் வண்டிக்கு மட்டும் கிலோமீட்டரைப் பார்க்கிறோம். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றவேண்டும் என்று கையேட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சாலையில் சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி இத்தூரத்தை 200 மணி நேரத்தில் கடந்துவிடும். வண்டிப் பாதையிலும் வரப்போரத்திலும் ஊர்ந்து, சந்தை வாசலில் எஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்து, சராசரியாக மணிக்கு 20 கிலோமீட்டர் மட்டுமே செல்லும் வண்டிக்கு அதே தூரம் 500 மணி நேரமாகும். மீட்டர் காட்டுவது ஒரே எண். ஆனால் ஆயில் பட்ட பாடு இரண்டரை மடங்கு!

அதோடு பாரம், புழுதி, வெயில், எஞ்சின் நன்கு சூடேறுவதற்குள் முடிந்துவிடும் குறுகிய பயணங்கள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இத்தகைய உழைப்பைக் கடின உபயோகம் என்று கூறுவர். உங்கள் வண்டியின் கையேட்டில் கடின உபயோகத்துக்கென்று தனி இடைவெளி குறிப்பிடப்பட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இல்லாவிட்டால், குறிப்பிட்ட கிலோமீட்டரில் பாதியிலேயே ஆயிலையும் ஆயில் வடிகட்டியையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. வண்டி அதிகம் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் மாற்றவேண்டும். ஒரு முறை ஆயில் மாற்றும் செலவு, எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் செலவில் மிகச் சிறு பங்கே ஆகும்.

புழுதி செய்யும் கேடு

எஞ்சினின் ஆயுளைக் குறைப்பதில் புழுதிக்கே முதலிடம் என்பது என் கருத்து. இரண்டரை லிட்டர் கொள்ளளவுள்ள டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடும்போது, இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவு முழுவதற்கும் காற்றை இழுக்கிறது. அதாவது நிமிடத்துக்குச் சுமார் 2,500 லிட்டர், மணிக்கு 1,50,000 லிட்டர். பத்து மீட்டர் நீளமும், ஐந்து மீட்டர் அகலமும், மூன்று மீட்டர் உயரமும் உள்ள ஓர் அறையில் நிறைந்திருக்கும் காற்று முழுவதும் ஒரு மணி நேரத்தில் உங்கள் எஞ்சினுக்குள் போய்விடுகிறது என்று பொருள். டர்போ பொருத்திய எஞ்சினில் இது இன்னும் அதிகம்.

அறுவடைக் காலத்தில் களத்து மேட்டருகே இந்தக் காற்று எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மணலில் பெரும் பகுதியாக இருக்கும் குவார்ட்ஸ் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. நெல் உமியிலும் சிலிக்கா மிகுதியாக உண்டு. உமிச் சாம்பலைப் பாத்திரம் தேய்க்கப் பயன்படுத்துவதும் இதனால்தான். இத்தகைய தூள் எஞ்சினுக்குள் சென்று ஆயிலுடன் சேர்ந்தால், பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவர்களையும் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். முதலில் காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும். பிறகு நீலப் புகை வரும், ஆயில் குறையும். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வெளியே தள்ளும். இந்நிலைக்கு வந்த எஞ்சினை எந்த மருந்தும் திருப்பிக் கொண்டுவராது. ஆயிலில் கலந்தால் தேய்மானம் மறையும் என்று கூறிச் சிறு புட்டிகளில் விற்கப்படும் பொருள்களை வாங்குவதைவிட, அப்பணத்தில் ஒரு புதிய காற்று வடிகட்டி வாங்குவதையே நான் விரும்புவேன்.

காற்று வடிகட்டியைக் கையாள்வதில் பலர் செய்யும் தவறு, அதை டயரிலோ கல்லிலோ தட்டுவதுதான். தட்டும்போது காகித மடிப்பில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் ஏற்படும். ஓரத்து ரப்பரும் நெளிந்துவிடும். காகித வடிகட்டியைத் தண்ணீரில் கழுவவும் கூடாது. பழைய டிராக்டர்களில் இருந்த எண்ணெய்த் தொட்டி வடிகட்டியைக் கழுவிப் பழகியவர்கள் இதிலும் அவ்வாறே செய்துவிடுகின்றனர். மிக அவசியமானால் குறைந்த அழுத்தக் காற்றை உட்புறமிருந்து வெளிப்புறமாகச் செலுத்தலாம். பின்னர் உள்ளே டார்ச் விளக்கை வைத்து இருட்டில் பாருங்கள். எங்காவது ஊசித் துளை போல வெளிச்சம் தெரிந்தால் அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

அதற்காக நாள்தோறும் கழற்றிப் பார்ப்பதும் சரியன்று. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் சிறிது தூசி உள்ளே விழ வாய்ப்புண்டு. புழுதிக் காலத்தில் வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். கழற்றும் முன் பெட்டியின் மேற்புறத்தை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். வடிகட்டியை விட முக்கியமாகக் கவனிக்கத்தக்கது, அதற்கு அப்பால் எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர் குழாய். அதன் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். விரலில் தூசி ஒட்டினால், எங்கோ விரிசலோ தளர்ந்த கிளிப்போ இருக்கிறது என்பது நிச்சயம். அதைச் சரி செய்யும் வரை வண்டியை ஓட்டாதீர்கள்.

ஆயில் சொல்லும் செய்தி

காலையில் வண்டியைக் கிளப்பும் முன், சமதளத்தில் நிறுத்தி அளவுக் குச்சியை உருவிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். டீசல் எஞ்சினில் ஆயில் கறுப்பாக இருப்பதைக் கண்டு அஞ்சவேண்டாம். கரியைத் தன்னிடம் வாங்கிக்கொள்வது ஆயிலின் வேலைகளில் ஒன்று. ஆனால் ஆயில் மோர் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. டீசல் வாடையுடன் அளவு உயர்ந்திருந்தால் டீசல் கலந்திருக்கிறது. இவ்விரண்டிலும் எஞ்சினை ஓட்டாமல் மெக்கானிக்கை அழைப்பதே முறை. மேல் கோட்டுக்கு மேலே ஆயில் ஊற்றுவதும் நல்லதன்று.

குளிர்விக்கும் நீருக்கு ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றாதீர்கள். சொட்டுநீர்க் குழாயின் துளைகளை அடைக்கும் அதே சுண்ணாம்பு உப்பு, எஞ்சினுக்குள் இருக்கும் நீர்ப்பாதையையும் அடைக்கும். கையேட்டில் கூறிய கூலண்டையே பயன்படுத்துங்கள். ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையே வைக்கோல் தூசியும் பஞ்சும் அடைத்திருந்தால், அழுத்தமில்லாத தண்ணீரை எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகப் பாய்ச்சிக் கழுவலாம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

டீசலைப் பீப்பாயில் வாங்கி வைத்து ஊற்றுபவர்கள், பீப்பாயின் அடியில் தேங்கும் தண்ணீரும் கசடும் வண்டிக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டீசல் வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி அவ்வப்போது தண்ணீரை வடித்துவிடுங்கள்.

2020-க்குப் பிறகு வாங்கிய வண்டிகள்

2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதிக்கு உட்பட்ட வண்டிகளே விற்கப்படுகின்றன. இவ்வகை டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்குழாயில் கரி வடிகட்டி ஒன்று உண்டு. பிடித்த கரியை அது தானே எரித்துக்கொள்ளும். அதற்கு வண்டி சற்று நேரம் சீராக ஓடிச் சூடேற வேண்டும். வீட்டுக்கும் வயலுக்குமாக இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் இது நடைபெறாது. அதற்கான எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அலட்சியப்படுத்தாமல், கையேட்டில் கூறியபடி நல்ல சாலையில் நிறுத்தாமல் சிறிது தூரம் ஓட்டி வாருங்கள். கரி எரியும்போது புகைக்குழாயின் உள்ளே 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாகும். எனவே வைக்கோல் பரப்பிய இடத்தின் மேல் வண்டியை நிறுத்தக் கூடாது. இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைவாக உண்டாக்கும் ஆயில் வகை தேவை. கடைக்காரர் கொடுப்பதை வாங்காமல், கையேட்டில் உள்ள குறியீட்டைக் காட்டி வாங்குங்கள்.

சில வண்டிகளில் டி.இ.எப். என்னும் திரவமும் ஊற்றவேண்டும். இது 32.5 சதவீத யூரியாக் கரைசல் என்று கேள்விப்பட்டவுடன், வீட்டில் இருக்கும் யூரியா மூட்டையிலிருந்து நாமே கரைத்துக்கொள்ளலாமே என்ற எண்ணம் எழுவது இயற்கை. உர யூரியாவில் பையூரெட் என்னும் மாசு உண்டு. 2015 முதல் நம் நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சும் கட்டாயமாக்கப்பட்டது. பயிருக்கு நன்மை செய்யும் இந்தப் பூச்சு, வண்டியின் தெளிப்புக் குழலையும் வினையூக்கியையும் கெடுத்துவிடும். மேலும் மானிய யூரியாவை விவசாயம் அல்லாத வேலைக்குப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றமாகும்.

ஓட்டும் முறை

எஞ்சினைக் கிளப்பியவுடன் முடுக்காதீர்கள். நிமிடக் கணக்கில் நின்ற இடத்திலேயே ஓடவிடவும் தேவையில்லை. அரை நிமிடம் கழித்துக் கிளம்பி, முதல் இரண்டு மூன்று கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுவதே போதுமானது. டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது. பாரத்துடன் மேடேறி வந்ததும் சாவியைத் திருப்பி நிறுத்தினால், அதன் சூடான அச்சுக்குச் செல்லும் ஆயில் உடனே நின்றுவிடும். ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு நிறுத்துங்கள்.

டீசல் மிச்சமாகும் என்று எண்ணி, பாரத்துடன் உயர்ந்த கியரில் எஞ்சின் முனகும்படி ஓட்டுவோர் பலர். கியரை ஒன்று குறைத்தால் எஞ்சின் சுலபமாக இழுக்கும். கிளட்ச் மிதிமேல் காலை வைத்தபடியே ஓட்டுவதும், சரிவில் பிரேக் போடாமல் பாதிக் கிளட்சில் வண்டியைத் தாங்கி நிறுத்துவதும் கிளட்ச் தட்டை எரித்துவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் போன்ற இறக்கத்தில், இறங்கத் தொடங்கும் முன்பே தாழ்ந்த கியரைப் போட்டுக்கொள்ள வேண்டும். வேகம் எடுத்த பிறகு தாழ்ந்த கியருக்கு மாற்றினால், எஞ்சின் அளவுக்கு மீறிச் சுழன்று வால்வுகள் கெடும். நியூட்ரலில் இறங்குவது உயிருக்கே ஆபத்து.

மறந்துபோகும் பாகங்கள்

எஞ்சின் ஆயிலைக் கவனிக்கும் விவசாயிகளில் பலரும் கியர் பெட்டியையும், டிபரன்ஷியல் என்னும் பின் அச்சுப் பெட்டியையும் மறந்துவிடுகின்றனர். ஓடி வந்த வண்டியின் பின் அச்சு சூடாக இருக்கும். அந்நிலையில் வாய்க்காலிலோ ஓடையிலோ இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். அச்சின் மேலுள்ள சிறு மூச்சுக் குழலில் சேறு அடைத்திருந்தால், அந்த இழுப்பில் தண்ணீர் ரப்பர் சீல் வழியாக உள்ளே புகுந்துவிடும். சில மாதங்களில் பல்சக்கரங்கள் இரைய ஆரம்பிக்கும். மூச்சுக் குழலைத் துடைத்து வைப்பதற்குக் காசு செலவில்லை. தண்ணீரில் இறங்கிய பின் ஆயில் வெளுத்திருக்கிறதா என்று பார்த்து, வெளுத்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

நிற்கும் வண்டியை முன் கியரிலிருந்து பின் கியருக்கு மாற்றிக் கிளப்பும்போது அடியில் டக் என்று சத்தம் கேட்டால், புரொப்பல்லர் ஷாப்ட் இணைப்பின் கிராஸ் தேய்ந்திருக்கலாம். கிரீஸ் நிப்பிள் உள்ள வண்டியில், பழைய கிரீஸ் பிதுங்கி வெளிவரும் வரை புதியது செலுத்தவேண்டும். வைக்கோலோ சாக்குக் கயிறோ ஷாப்டில் சுற்றியிருந்தால் அன்றே வெட்டி எடுத்துவிடுங்கள். அது சீலை அறுப்பதோடு தீப்பிடிக்கவும் காரணமாகும்.

பாரத்தைப் பொறுத்தவரை ஒரே ஒரு கணக்கு. 750 கிலோ ஏற்ற அனுமதிக்கப்பட்ட வண்டியில் 40 கிலோ மூட்டைகள் 18 ஏற்றலாம்; எடை 720 கிலோ. ஒரே நடையில் முடித்துவிடலாம் என்று 30 மூட்டை ஏற்றினால் 1,200 கிலோ. மிச்சமாவது ஒரு நடை டீசல். அடி வாங்குவது கிளட்ச், கிராஸ், பின் அச்சு, பட்டைகள், டயர் அத்தனையும்.

இவற்றையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்வது கடினம். ஆகவே வண்டியில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். தேதி, மீட்டர் அளவு, மாற்றிய பொருள், இடையில் ஊற்றிய ஆயிலின் அளவு ஆகிய நான்கையும் எழுதினால் போதும். 1,000 கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் ஊற்றுகிறோம் என்பது இதிலிருந்து தெரியவரும். அந்த அளவு மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே வந்தால், முதலில் காற்றுக் குழாயைத் தடவிப் பாருங்கள். பிறகு மெக்கானிக்கிடம் கம்ப்ரெஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள்.