கேன் ஏன் ‘குடுக் குடுக்’ என்கிறது?

வயல் வரப்பை ஒட்டி ஒரு டிராக்டர் நிற்கிறது. ஒருவர் டீசல் கேனைத் தோளுக்குத் தூக்கிச் சாய்க்கிறார். இன்னொருவர் புனலைப் பிடித்துக்கொண்டு, “மெதுவா, மெதுவா, சிந்துது!” என்கிறார். கிராமத்திலிருந்து பள்ளிக்கு வரும் மாணவர்களே, இந்தக் காட்சியை நீங்கள் பல முறை பார்த்திருப்பீர்கள்.

லாரியையும் பேருந்தையும் போல டிராக்டர் நினைத்த நேரத்தில் பங்குக்குப் போய் டீசல் பிடிக்க முடியாது. சேற்றுழவுக்காகக் கேஜ் வீல் மாட்டிய வண்டி தார்ச் சாலையில் ஏறினால் சாலை பாழாகிவிடும். அப்படியே போனாலும், போய்வரும் தூரத்துக்கே எண்ணெய் செலவாகும். ஆகவே டீசல்தான் டிராக்டரைத் தேடி வரவேண்டியிருக்கிறது.

கேனில் 20 லிட்டர் டீசல் இருப்பதாகக் கொள்வோம். ஒரு லிட்டர் டீசலின் நிறை ஏறக்குறைய 0.83 கிலோகிராம். அப்படியானால் 20 லிட்டருக்கு 16.6 கிலோகிராம். இதை ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தூக்கச் செய்யும் வேலை, நீங்கள் வகுப்பில் படித்த சூத்திரப்படி, 16.6 × 9.8 × 1.5, அதாவது சுமார் 244 ஜூல். இது ஒன்றும் பெரிய வேலையல்ல. வீட்டின் மாடிப்படியை ஒரு தடவை ஏறினாலே இதைப்போல் சில மடங்கு வேலை செய்துவிடுகிறீர்கள். பிறகு ஏன் கை கடுக்கிறது? தூக்குவதால் அல்ல, தூக்கியபடியே பிடித்துக்கொண்டு நிற்பதால்தான். அசையாமல் பிடித்திருக்கும்போது கேனின் மேல் நாம் செய்யும் வேலை பூஜ்யம் என்று இயற்பியல் சொல்லும். தசைகள் அதை ஒப்புக்கொள்வதில்லை!

அவ்வளவு நேரம் பிடித்து நிற்க வைப்பது அந்த ‘குடுக் குடுக்’ சத்தத்துக்குக் காரணமான விஷயம்தான்.

கேனுக்கு இருப்பது ஒரே வாய். டீசல் அதன் வழியாக வெளியே வந்தால், வந்த அளவுக்கு உள்ளே இடம் காலியாகிறது. அந்த இடத்தை நிரப்பக் காற்று வேண்டும். வாய் முழுவதையும் டீசல் அடைத்துக்கொண்டிருக்கும்போது காற்று எப்படி நுழையும்? உள்ளே ஏற்கெனவே இருக்கும் காற்று விரிகிறது. அதன் அழுத்தம் குறைகிறது. எவ்வளவு குறைந்தால் ஓட்டம் நிற்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள், வியப்பாக இருக்கும். வெளியே உள்ள காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையுடன் அழுத்துகிறது. கேனுக்குள் 20 செ.மீ. உயரத்துக்கு டீசல் இருந்தால், அது கொடுக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 16.6 கிராம் மட்டுமே. ஆகவே உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் நூற்றில் இரண்டு பங்குகூடக் குறையவேண்டாம், டீசல் தயங்கி நின்றுவிடும். அந்தக் கணத்தில் வெளிக்காற்று ஒரு குமிழியாக முட்டி மோதி உள்ளே புகும், அழுத்தம் சரியாகும், டீசல் மீண்டும் பாயும், மீண்டும் நிற்கும். ஒவ்வொரு ‘குடுக்’கும் ஒரு குமிழி. ஒவ்வொரு குமிழிக்கும் ஒரு துள்ளல். அந்தத் துள்ளலில்தான் டீசல் புனலைத் தாண்டிச் சிந்துகிறது.

அனுபவசாலியான டிரைவர் என்ன செய்கிறார், கவனித்திருக்கிறீர்களா? கேனின் வாய் கீழ்ப்பக்கம் வருமாறு கவிழ்க்க மாட்டார். வாய் மேல் விளிம்பில் இருக்குமாறு கேனைப் படுக்கவைத்துச் சாய்ப்பார். பார்ப்பதற்குத் தலைகீழாகத் தோன்றும். ஆனால் அப்போது வாயின் கீழ்ப்பாதியில் டீசலும் மேல்பாதியில் காற்றும் சண்டையில்லாமல் போய்வருகின்றன. சத்தமே இராது. அவரிடம் காரணம் கேட்டால் “கைப்பழக்கம் தம்பி” என்பார்.

ஜெர்மன் ராணுவத்துக்காக 1930-களில் உருவாக்கப்பட்ட 20 லிட்டர் எஃகுக் கேனில், காற்று நுழைவதற்கென்றே வாய்க்குள் தனிக் குழாய் ஒன்று வைத்தார்கள். ஒருவரும் தூக்கலாம், இருவரும் தூக்கலாம் என்பதற்காக மூன்று கைப்பிடிகள் வேறு. இதில் நமது நாட்டுக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. பால் ப்ளைஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1939-ஆம் ஆண்டு ஜெர்மனியிலிருந்து தரைவழியாக இந்தியாவுக்குக் காரில் வந்தார். அவருடன் இப்படிப்பட்ட மூன்று கேன்களும் கல்கத்தா வந்து சேர்ந்தன. பிறகு அமெரிக்காவும் பிரிட்டனும் இதே மாதிரியைப் பார்த்துச் செய்துகொண்டன. ஜெர்மானியர்களுக்குப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் வைத்த பட்டப்பெயர் ‘ஜெர்ரி’. ‘ஜெர்ரி கேன்’ என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

அது எஃகு, நம் ஊரில் புழங்குவதோ பிளாஸ்டிக். இந்த வேறுபாடு அற்பமானதல்ல. டீசலோ பெட்ரோலோ குழாய் வழியாக வேகமாக ஓடும்போது, உராய்வால் அதில் நிலைமின்னூட்டம் சேருகிறது. தலை வாரிய சீப்பு காகிதத் துண்டை இழுக்குமே, அதே மின்சாரம்தான். உலோகக் கேன் தரையில் இருந்தால் மின்னூட்டம் மண்ணுக்குள் இறங்கிவிடும். பிளாஸ்டிக் அதை எளிதில் விடாது. டிரெய்லரின் மேலேயே கேனை வைத்து நிரப்பினால், டயர்கள் ரப்பர் ஆதலால், உலோகமானாலும் வழி அடைபடலாம். பொறி பறக்க ஒரு கணம் போதும். அதனால்தான் கேனைக் கீழே இறக்கித் தரையில் வைத்து நிரப்பச் சொல்கிறார்கள். பெட்ரோல் பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழே இருக்கும் குளிரில்கூடத் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். டீசலுக்கு இந்திய தர நிர்ணயம் வைத்திருக்கும் கீழ் எல்லை 35 டிகிரி செல்சியஸ். ‘அப்படியானால் பயமில்லை’ என்கிறீர்களா? சித்திரை வெயிலில் நிற்கும் டிராக்டரின் டாங்க் எத்தனை டிகிரி இருக்கும் என்று தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

காற்றின் கதைக்குத் திரும்புவோம். டிராக்டர் டாங்க்கின் மூடியிலும் காற்று போக ஒரு சிறு வழி உண்டு. சேறோ தூசியோ அதை அடைத்துவிட்டால், டாங்க்கில் டீசல் இருந்தும் எஞ்சின் திணறி நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்ற சத்தத்துடன் காற்று உள்ளே போகும். வண்டி மறுபடி ஓடும். இதற்கு நேர்மாறானது, டாங்க் வற்றும்வரை ஓட்டுவது. அப்போது வரக்கூடாத இடத்துக்குக் காற்று வந்துவிடுகிறது. டீசலை இன்ஜெக்டருக்கு அனுப்பும் பம்ப் மிக உயர்ந்த அழுத்தத்தில் தள்ளுகிறது. திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் பம்பின் தள்ளல் முழுவதும் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும்; இன்ஜெக்டர் திறக்காது. இதைத்தான் ‘ஏர் லாக்’ என்கிறார்கள். கேனில் டீசல் வந்து ஊற்றியபின்பும், திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினால்தான் எஞ்சின் பிடிக்கும்.

வீட்டில் செய்து பாருங்கள்

ஒரு கண்ணாடிப் பாட்டிலின் வாயில் புனலை வைத்து, இடைவெளியைச் சப்பாத்தி மாவால் காற்றுப் புகாமல் அடைத்துவிடுங்கள். புனலில் தண்ணீர் ஊற்றுங்கள். கொஞ்சம் இறங்கிவிட்டு நின்றுவிடும். மாவில் ஒரு துளையிட்டு உறிஞ்சுகுழலைச் செருகுங்கள். தண்ணீர் சரசரவென்று இறங்கும். டீசல் ஊற்றுபவர் புனலைச் சற்றுத் தூக்கிப் பிடிப்பது ஏன் என்று இனி உங்களுக்கே தெரியும். சோதனை தண்ணீரில் மட்டும். டீசலிலோ மண்ணெண்ணெயிலோ வேண்டாம்.

குழாயும் வாயும்

கேனைத் தூக்கிப் பிடிக்காமலே ஊற்ற ஒரு வழி உண்டு. கேனை டாங்க்கை விட உயரமான இடத்தில் வைத்து, ஒரு குழாயின் ஒரு முனையைக் கேனுக்குள்ளும் மறுமுனையை டாங்க்குக்குள்ளும் விட்டு, ஓட்டத்தைத் தொடங்கிவைத்தால் போதும். இதுதான் வடிகுழாய், அதாவது சைபன். குழாயின் வெளிப்பக்க நீளத்தில் தொங்கும் டீசல் தூண், உட்பக்கத் தூணைவிடக் கனமானது. கனமானது இறங்க, லேசானது ஏறுகிறது. இழுப்பது புவியீர்ப்பு, தூண் நடுவில் அறுந்துபோகாமல் காப்பது காற்றழுத்தம். இதைச் சொல்வதில் பெரியவர்களே தடுமாறியிருக்கிறார்கள். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக முழுப் பெருமையையும் காற்றழுத்தத்துக்கே கொடுத்திருந்ததை, 2010-இல் ஸ்டீபன் ஹ்யூஸ் என்ற ஆஸ்திரேலிய இயற்பியல் ஆசிரியர் சுட்டிக்காட்டினார்.

உட்குறுக்களவு 12 மி.மீ., நீளம் 2 மீட்டர் உள்ள குழாய். மட்ட வேறுபாடு அரை மீட்டர். உராய்வையும் சேர்த்துக் கணக்கிட்டால் டீசல் விநாடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்தில் ஓடும். 20 லிட்டர் இறங்க மூன்று நிமிடம் ஆகும். சுமை இல்லை, சிந்துவதில்லை.

சிக்கல், ஓட்டத்தைத் தொடங்குவதில் இருக்கிறது. வாயால் உறிஞ்சித் தொடங்குவது நம் ஊர் வழக்கம். நானும் பல ஆண்டுகள் வகுப்பில் தண்ணீரை வைத்து அப்படியே உறிஞ்சிக் காட்டியிருக்கிறேன். ஒரு கோடை விடுமுறையில் சொந்த ஊருக்குப் போயிருந்தபோதுதான் அதை நிறுத்தினேன்.

எங்கள் சித்தப்பாவின் டிராக்டரை ஓட்டிய அண்ணன் அன்று மாலை, வைக்கோல் டிரெய்லர் மேல் கேனை வைத்துக் குழாயில் உறிஞ்சினார். பச்சைநிறத் தோட்டக் குழாய். உள்ளே எண்ணெய் எங்கே வருகிறது என்று வெளியே தெரியாது. மேட்டைத் தாண்டியதும் புவியீர்ப்பு யாருக்காகவும் காத்திருப்பதில்லை. மேட்டிலிருந்து வாய்வரை அறுபது சென்டிமீட்டர் தூரம். மேலே சொன்ன வேகத்தில் அதைக் கடக்க அரை விநாடி. அடுத்த அரை விநாடியில் ஐம்பது மில்லிக்கு மேல் வாயில். அவர் திடுக்கிட்டு மூச்சை இழுத்தார்; இருமினார். “உப்புத் தண்ணி குடுங்க, வாந்தி எடுத்தா சரியாயிடும்” என்று நாலைந்து பேர் சொன்னார்கள். கொடுத்தோம். நானும் பக்கத்தில்தான் நின்றேன், தடுக்கவில்லை. இரவு காய்ச்சல், விடியும்போது மூச்சு வாங்கியது. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

“வயித்துக்குப் போனதைப் பத்திக் கவலையில்லை சார், நுரையீரலுக்குப் போனதுதான் ஆபத்து. வாந்தி எடுக்க வச்சு இன்னொரு தடவை உள்ளே அனுப்பிட்டீங்க” என்றார் டாக்டர். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஏனென்றால் அதன் காரணம் என் பாடத்தில் இருப்பது. டீசலின் பரப்பு இழுவிசை தண்ணீரினுடையதில் பாதிகூட இல்லை. பிசுபிசுப்போ விளக்கெண்ணெயின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே ஒரு சிறு துளிகூட நுரையீரலின் நுண்ணறைகள் மேல் மெல்லிய படலமாகப் பரவிவிடுகிறது. அந்த அறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் இயற்கைப் பூச்சைக் குலைத்து அழற்சியை உண்டாக்குகிறது. டீசலோ மண்ணெண்ணெயோ விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அவர் இருமினால் உள்ளே போயிருக்கிறது என்று பொருள். நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் அழைத்துப் போகவேண்டும்.

வாயில்லாமல் தொடங்க வழியில்லையா? நிறைய உண்டு. மண்ணெண்ணெய்ப் பீப்பாயில் செருகும் கைப்பம்பை உங்கள் பெற்றோர் ரேஷன் கடையில் பார்த்திருப்பார்கள். அதன் சிறிய வடிவம், கையால் அமுக்கும் குமிழுடன், இரும்புக் கடைகளில் கிடைக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. ஒளி ஊடுருவும் குழாயின் நுனியில் ஒரு பித்தளைக் கூடு. அதற்குள் ஒரு சிறு குண்டு. கூட்டை டீசலுக்குள் விட்டு மேலும் கீழும் வேகமாக ஆட்டவேண்டும். கீழே தள்ளும்போது குண்டு எழும்பி டீசலை உள்ளே விடுகிறது. மேலே இழுக்கும்போது துளையில் உட்கார்ந்து வழியை அடைக்கிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் டீசல் ஒரு படி ஏறும். சில ஆட்டங்களில் மேட்டைத் தாண்டிவிடும்.

அண்ணன் வேலைக்குத் திரும்பிய வாரம் சித்தப்பா அப்படி ஒரு குழாய் வாங்கி வந்தார். முதல் நாள் அண்ணன் அதை நம்பவில்லை. “இதென்ன கிலுகிலுப்பை மாதிரி” என்று சிரித்தார். ஏழெட்டு முறை ஆட்டினார். டீசல் குழாயில் ஏறி, வளைவைக் கடந்து, சத்தமில்லாமல் டாங்க்குக்குள் இறங்கியது. அவர் கேனை அப்படியே விட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து டீ குடித்தார்.