வாதாபியை வென்றவர், அடியார்முன் சிறியவர்

வெற்றி பெற்ற படைத்தலைவர்களுக்குப் பட்டமும் பதவியும் வந்து சேர்வது உலக வழக்கம். ஆனால் வெற்றியின் உச்சியில் வாளைக் கீழே வைத்துவிட்டு, அடியார்க்கு அமுது படைக்கும் தொண்டினை விரும்பி ஏற்ற படைத்தலைவர் ஒருவர் சோழ வளநாட்டில் தோன்றினார். திருச்செங்காட்டங்குடியில் மாமாத்திரர் குலத்தில் பிறந்த பரஞ்சோதியார் அவர்.

ஆயுள்வேதமும் வடமொழிக் கலைகளும் படைக்கலப் பயிற்சியும் அவருக்குக் கைவந்தவை. யானையேற்றத்திலும் குதிரையேற்றத்திலும் அவர் வல்லவர். இத்தனையும் கற்றதன் பயன் சிவபெருமான் திருவடியை மறவாமையே என்று தெளிந்தவர் என அவரைச் சேக்கிழார் பெருமான் அறிமுகம் செய்கிறார்.

வாதாபிப் போர்

ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி, மகேந்திரவர்ம பல்லவனைக் காஞ்சிக் கோட்டைக்குள் ஒடுங்கச் செய்ததாக ஐஹொளெக் கல்வெட்டு பெருமையுடன் பேசுகிறது. மகேந்திரனின் மைந்தன் முதலாம் நரசிம்மவர்மன் பரியலம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் புலிகேசியை வென்றதைக் கூரம் செப்பேடுகள் கூறுகின்றன. பின்னர் கி.பி. 642ஆம் ஆண்டளவில் பல்லவர் படை சாளுக்கியரின் தலைநகராகிய வாதாபியைக் கைப்பற்றியது. இன்று பாதாமி என வழங்கும் அவ்வூரின் பாறை ஒன்றில் நரசிம்மவர்மனின் கல்வெட்டு இன்றும் உள்ளது.

பெரியபுராணம் மன்னன் பெயரைச் சொல்லவில்லை. எனினும், மன்னனுக்காக வடபுலம் சென்று வாதாபித் தொன்னகரைத் துகளாக்கி, மணிகளும் யானைகளும் குதிரைகளும் கொணர்ந்தவர் பரஞ்சோதியார் என்று உரைக்கிறது. இக்குறிப்பைக் கொண்டே வரலாற்றறிஞர்கள் அவரை நரசிம்மவர்மனின் படைத்தலைவர் எனக் கொள்கின்றனர். செங்காட்டங்குடிக்கு எழுந்தருளிய திருஞானசம்பந்தர் தம் பதிகத்தில் சிறுத்தொண்டரைச் சிறப்பித்துப் பாடியிருப்பதால், சம்பந்தரின் காலத்தை உறுதி செய்யவும் இப்போர்ச் செய்தி துணை நிற்கிறது.

மன்னனின் வருத்தம்

வெற்றியுடன் மீண்டவரின் ஆண்மையை மன்னன் வியந்து புகழ்ந்தான். அப்போது அமைச்சர்கள், இவர் சிவத்தொண்டில் ஊன்றியவர், அந்த வலிமையாலேயே இவரை எதிர்ப்பார் உலகில் இல்லை என்று உண்மையை வெளிப்படுத்தினர். மன்னன் துணுக்குற்றான். சிவனடியார் ஒருவரையா கொடிய போர்முனைக்கு ஏவினேன் என்று மனம் நொந்து, தன் பிழையைப் பொறுத்தருளுமாறு வேண்டினான்.

பரஞ்சோதியாரோ தாம் முந்திக்கொண்டு மன்னனை வணங்கினார். என் தொழிலுக்கு உரிய கடமையைத்தான் செய்தேன், இதில் தீங்கு என்ன இருக்கிறது என்றார். தமது பக்தியை அவர் அதுவரை அரசவையில் காட்டிக்கொண்டதில்லை. அதைச் சொல்லிப் போரிலிருந்து விலகவும் இல்லை, பரிசு கேட்கவும் இல்லை. உம் நிலையை நான் அறியாதபடி நடந்துகொண்டீரே என்று மன்னனே உருகினான். நிதி பல வழங்கி, இனி உம் உள்ளம் விரும்பும் தொண்டினையே செய்க என விடை கொடுத்தான்.

பணியாளனிடம் பணிந்த அரசனும், அரசன்முன் பெருமை பேசாத வீரரும் அன்று எதிரெதிரே நின்றனர். அவ்விருவரில் உயர்ந்தவர் யார் எனச் சொல்வது எளிதன்று.

சிறுத்தொண்டர்

ஊர் திரும்பிய பரஞ்சோதியார் கணபதீச்சரத்து இறைவனை வழிபட்டு, திருவெண்காட்டு நங்கையாரை மணந்து இல்லறம் நடத்தினார். நாள்தோறும் அடியார்க்கு அமுது படைத்த பின்னரே தாம் உண்பார். யானைப்படையை நடத்திய அவர் அடியார்கள்முன் தம்மைச் சிறியவராக்கிக்கொண்டு பணிந்து நின்றதால், சிறுத்தொண்டர் என்பதே அவர் பெயராயிற்று.

பின்னர் வடநாட்டுப் பைரவ அடியாராக வந்த இறைவன், கேட்போர் நெஞ்சம் நடுங்கும் அமுதொன்றைக் கேட்டார். ஒரு குடிக்கு ஒரே மகனைத் தாயும் தந்தையும் மனம் உவந்து கறியாக்கித் தரவேண்டும் என்பதே அது. கொடுத்த வாக்கிலிருந்து தம்பதியர் பின்வாங்கவில்லை. ஆனால் அமுது படைத்ததும், உம் மகனையும் உண்ண அழையும் என்றார் அடியார். அவன் இப்போது உதவான் என்று சிறுத்தொண்டர் சொல்லியும் அவர் விடவில்லை. வாயிலில் நின்று பெற்றோர் பெயர் சொல்லி அழைக்க, சீராளன் பள்ளியிலிருந்து வருபவன்போல் ஓடி வந்தான். உள்ளே அடியாரும் இல்லை, படைத்த கறியும் இல்லை. உமையம்மையோடும் முருகனோடும் இறைவன் விடைமேல் காட்சியளித்தார்.

இது மானிடர் பின்பற்றுவதற்கான செயலன்று. ஓர் அடியாரின் உறுதியை உலகறியச் செய்ய இறைவனே நிகழ்த்திய சோதனை. எடுத்துக்கொள்ள வந்தவன் பிள்ளையைத் திருப்பித் தந்தே சென்றான் என்பதை மறத்தலாகாது.

இராசராச சோழன் காலத்தில் தஞ்சைப் பெரிய கோயிலில் சிறுத்தொண்டர், திருவெண்காட்டு நங்கை, சீராளர் ஆகியோரின் செப்புத் திருமேனிகள் அமைக்கப்பட்டதை அக்கோயில் கல்வெட்டு தெரிவிக்கிறது. திருவாரூர் மாவட்டத்திலுள்ள திருச்செங்காட்டங்குடியில் இன்றும் சித்திரைப் பரணியில் அமுது படையல் விழா நடைபெறுகிறது. வாதாபிக் கணபதியின் திருமேனி போரின் வெற்றிச் சின்னமாக இவ்வூருக்கு வந்ததென்பது செவிவழி மரபு.

கணபதீச்சரம் செல்லும் அன்பர்கள் உத்திராபதியாரை வணங்கும்போது அப்படைத்தலைவரையும் நினைவில் கொள்ளலாம். அவர் வென்ற கோட்டை அயலாருடையது. ஊருக்குத் திரும்பியபின் வாழ்நாள் முழுவதும் அவர் வென்றுகொண்டிருந்தது தம் அகந்தையை.