திரை இருண்டால் திகைக்காதீர்கள்!

பனியனில் அச்சாகும் பூவும் புலியும் இன்று கம்ப்யூட்டரில்தான் உருவாகின்றன.

திருப்பூரை அடுத்த பெருமாநல்லூர், பனியன் தொழில் நடக்கும் ஊர். இப்படிப்பட்ட ஊரில், படம் வரையும் கம்ப்யூட்டரின் திரையில் கோடு கோடாக விழுந்தால்? திரையே இருண்டு போனால்? சரக்கு அனுப்பும் நாள் நெருங்கும்போது பதறாதவர் யார்?

பதற வேண்டாம். வரைந்து சேமித்த படங்கள் 'ஹார்டு டிஸ்க்'கில் இருக்கும். திரை இருண்டதால் அவை அழிவதில்லை.

எங்கே கோளாறு?

முதலில், திரைக்கு வரும் ஒயரை அழுத்திச் செருக வேண்டும். பிறகு வேறு திரையை மாட்டிப் பார்க்க வேண்டும். அதிலும் கோடு விழுந்தால், படத்தைத் திரைக்கு அனுப்பும் 'கிராபிக்ஸ் கார்டு' மீது சந்தேகப்படலாம்.

பஞ்சு செய்யும் வேலை

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டும். பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்ட பிறகே கார்டைத் தொட வேண்டும். உடம்பில் தேங்கிய மின்சாரம் கார்டைக் கெடுத்துவிடும்!

காற்றில் பறக்கும் பஞ்சு, கார்டின் சிறு விசிறியை அடைத்துவிடும். விசிறி சுற்றாவிட்டால் கார்டு கொதிக்கும். பஞ்சைப் பிரஷ்ஷால் நீக்கி, கார்டைக் கழற்றி மீண்டும் பொருத்தினாலே சில சமயம் சரியாகிவிடும்.

ஒரு சோதனை

சரியாகவில்லையா? பல கம்ப்யூட்டர்களில், கார்டு இல்லாமலே படம் காட்டும் வசதி உண்டு. கார்டைக் கழற்றிவிட்டு, ஒயரைப் பெட்டியின் பின்னால் உள்ள மற்றொரு துளையில் செருக வேண்டும். படம் தெளிவாக வந்தால், கோளாறு பெரும்பாலும் கார்டில்தான். அவசர வேலையையும் முடித்துவிடலாம்.

புதிய கார்டு பெட்டிக்குள் அடங்குமா, அதற்கு 'பவர் சப்ளை' போதுமா என்று பார்த்து வாங்க வேண்டும்.

பஞ்சைத் துடைக்காமல் பணத்தை எடுக்காதீர்கள்!