உங்களுக்குத் தெரியுமா? சட்டை போடுவதும் ஒரு சிகிச்சைதான்!

பக்கவாதம் வந்தவர் சட்டை போடும்போது எந்தக் கையை முதலில் நுழைக்க வேண்டும்? செயலிழந்த கையை. கழற்றும்போது நல்ல கை முதலில். இந்த வரிசை பிடிபட்டால், யாரையும் எதிர்பார்க்காமல் தாமே உடுத்திக்கொள்ளப் பலரால் முடியும். இதைச் சொல்லித்தந்து பழக்குபவர்தான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்.

பிசியோதெரபிஸ்ட் தசை வலுவிலும் நடையிலும் அதிகம் கவனம் செலுத்துவார். ஆக்குபேஷனல் தெரபிஸ்டுக்கோ குளிப்பது, சாப்பிடுவது, சமைப்பது, மறுபடி வேலைக்குப் போவது எல்லாமே சிகிச்சைதான்.

விரல் மடங்காதவருக்குக் கரண்டிக் காம்பில் ஸ்பாஞ்ச் சுற்றித் தடிமனாக்குவார். தட்டு நகராமலிருக்க அடியில் ஈரத்துணி. செலவே இல்லாத வைத்தியம்!

வீட்டை அளப்பதும் இவர் வேலை. வாசற்படி ஓரடி உயரம் என்றால், சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் 12 அடி நீளம் வேண்டும். இடமில்லை என்று நான்கடியில் முடித்துவிடுகிறார்கள். அதில் தள்ளுபவரும் சறுக்குவார், உட்கார்ந்திருப்பவரும் விழுவார்.

தொழுநோயாளிகளுக்கும் இவர் உதவி தேவை. தொழுநோயில் விரல்கள் தானாக உதிர்வதில்லை. உணர்ச்சி போய்விடுவதால் சுட்டாலும் வெட்டினாலும் தெரியாது. கவனிக்காத புண்கள்தான் விரலைத் தின்கின்றன. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் கை அறுவைசிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட் இதைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். அறுவைசிகிச்சை முடிந்தவர்கள் தச்சு போன்ற தொழில்களைக் கற்க, அங்கே ‘நியூ லைஃப் சென்டர்’ தொடங்கப்பட்டது. சூடான டம்ளரைத் துணியால் பிடிப்பது, தினமும் இரு கைகளையும் கண்ணால் சோதிப்பது ஆகியவற்றை இத்தகைய நோயாளிகளுக்கு இன்றும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் பழக்குகிறார்கள். மடங்கிய விரல் நிமிர்ந்தால் போதாது, கை பிழைப்புக்கும் உதவ வேண்டும் என்ற அந்த அக்கறை போற்றத்தக்கது.

இந்தியாவில் ஆக்குபேஷனல் தெரபி படிப்பைத் தொடங்கியவர் அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இங்கேயே வாழ்ந்த கமலா நிம்ப்கர். 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் முதல் பள்ளி உருவானது. 1952இல் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் உலகக் கூட்டமைப்பைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அக்டோபர் 27 உலக ஆக்குபேஷனல் தெரபி தினம்.

பென்சில் பிடிக்கத் திணறும் குழந்தை, சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ளும் ஆட்டிசக் குழந்தை, மறதி நோயில் தடுமாறும் முதியவர் என ஆக்குபேஷனல் தெரபிஸ்டை நாடுவோர் பலர்.

உங்கள் வீட்டில் யாருக்காவது பக்கவாதமோ கையில் பெரிய காயமோ ஏற்பட்டால், மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள்: “ஆக்குபேஷனல் தெரபிஸ்டை எப்போது பார்க்கலாம்?”